மீதி நான்கு மாத்திரை

பூட்டு ரிப்பேர்காரரின் மனைவி செத்துப்போன பிறகும் அவளுக்குத் தினமும் காலை எட்டு மணிக்குப் போன் வந்துகொண்டிருந்தது. கூப்பிட்டது பேயோ பிசாசோ என்றால் எதையாவது செய்து விரட்டிவிடலாம். கூப்பிட்டது புறநோயாளர் நிலையம்.

பதிவு செய்துவைத்த பெண்குரல்தான். ஆனால் தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி அத்தனை இதமாகப் பேசும். "அன்புள்ள பயனாளியே, நீங்கள் கிருமிக்கொல்லி மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள். நீங்கள் மறந்தாலும் கிருமி உங்களை மறக்காது. சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் ஒன்றை அழுத்தவும். இனிமேல்தான் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் இரண்டை அழுத்தவும்." மூன்றாவதாக ஏதாவது வரும் என்று அவர் முதல் நாள் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. செத்தவர்களுக்கு அவர்கள் எந்த எண்ணையும் ஒதுக்கியிருக்கவில்லை.

போனை அணைத்துத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பது சுலபம். அவருடைய கடைப் பலகையில் எழுதியிருந்தது அவள் நம்பர்தான். அவருக்குப் போன் என்றாலே ஆகாது. அவள் சலவைக் கடையில் இஸ்திரி போட்டபடியே கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு பேசி, எந்தத் தெருவில் எந்த வீட்டில் பூட்டு மாட்டிக்கொண்டது என்று கேட்டு வைப்பாள். சாயங்காலம் அவரிடம் ஒப்பிப்பாள். இப்போது அந்தப் போனை அணைத்தால் கடையையும் மூடிவிட வேண்டியதுதான்.

வீட்டில் மகள் இருந்தாள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள், கல்யாணம் ஆகாதவள், வாயைத் திறந்து அதிகம் பேசாதவள். எட்டு மணிக்குப் போன் அடித்தால் கையில் எது இருந்தாலும் அப்படியே நின்றுவிடுவாள். கரண்டி இருந்தால் கரண்டியோடு, சீப்பு இருந்தால் சீப்போடு. குரல் ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். பூட்டுக்காரருக்கு வேண்டியது இது ஒன்றுதான்: அந்தப் போன் நிற்க வேண்டும். நியாயம் கேட்கவோ சண்டை பிடிக்கவோ அவருக்குத் தெம்பில்லை.

நியாயம் கேட்க விஷயம் இல்லாமல் இல்லை. அவளுக்கு வந்தது சின்னத் தீக்காயம். இஸ்திரிப் பெட்டி மணிக்கட்டில் பட்டுவிட்டது, அவ்வளவுதான். வீட்டிலேயே பாதி ஆறியிருந்தது. நல்ல பிள்ளையாக நிலையத்துக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வரலாம் என்று போனாள். அங்கே கட்டுப் போடும் அறையில் கையுறை அணியாமல் யாரையும் தொடக் கூடாது என்று சட்டம். அந்தச் சட்டத்தை நர்ஸ் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தாள். காலையில் போட்ட கையுறையைச் சாயங்காலம் வரை கழற்றியதே இல்லை. சீழ் வைத்த கால், அழுகிய விரல், பூட்டுக்காரர் மனைவியின் மணிக்கட்டு எல்லாம் அதே கையுறைக்குள் வந்துபோயின. மூன்றாம் நாள் காயம் சிவந்து வீங்கியது.

மறுபடி போனபோது அவளுக்குக் கிடைத்த டோக்கன் ஒற்றைப்படை. இது புரிய வேண்டுமென்றால் கண்காணிப்பாளரின் சாதனையைச் சொல்ல வேண்டும். மாத்திரைகளைக் கண்டபடி அள்ளிக் கொடுப்பதால் கிருமிகளுக்குத் திமிர் ஏறிவிட்டது, உபயோகத்தைப் பாதியாகக் குறையுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. நல்ல உத்தரவுதான். யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பார்த்துக் குறைப்பது ஒரு வழி. ஆனால் அதற்கு நோயாளியைப் பார்க்க வேண்டும். நிலையத்தில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. கண்காணிப்பாளர் ஓர் இரவு தூங்காமல் யோசித்து வழி கண்டுபிடித்தார். டோக்கன் இரட்டைப்படை என்றால் மாத்திரை, ஒற்றைப்படை என்றால் அறிவுரை. ஒரே நாளில் உபயோகம் சரிபாதியாகக் குறைந்துவிட்டது. மேலிடமே அசந்துபோய்ப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.

அப்படியாக, முழங்கை வரை வீங்கிய கையோடு போனவளுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் கிடைத்தது. 'எல்லா நோய்க்கும் கிருமிக்கொல்லி தேவையில்லை. ஓய்வெடுங்கள். வெந்நீர் குடியுங்கள்.' அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அவளுக்கு முன்னால் ஜலதோஷத்தோடு தும்மிக்கொண்டு நின்ற முடிதிருத்துபவருக்கு இரட்டைப்படை. அவர் ஏழு மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த முறை பூட்டுக்காரர் கூடவே போனார். மறுபடி ஒற்றைப்படை, இருபத்தேழு. அதற்குள் நிலைய வாசலில் டோக்கன் மாற்றிக்கொள்கிற வழக்கம் வந்துவிட்டிருந்தது. இரட்டைப்படைக்குத்தான் கிராக்கி. அவர் ஒரு பெட்டிக்கடைக்காரரின் ஷட்டர் பூட்டைச் சும்மா சரிசெய்து தருவதாகக் கெஞ்சி இருபத்தெட்டை வாங்கினார். அவளுக்கு மாத்திரை கிடைத்தது. மூன்று சாப்பிட்டாள். நான்காவதைச் சாப்பிட அவள் இல்லை. கடைசி நாள் கொண்டுபோன பெரிய ஆஸ்பத்திரியில், ரத்தம் முழுக்க விஷமாகிவிட்டது, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டார். ஓய்வெடுத்துக்கொண்டிருந்தோம், வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தோம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மீதி நான்கு மாத்திரையும் அட்டையோடு அடுப்படி அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைத் தூக்கி எறிய அப்பாவுக்கும் கை வரவில்லை, மகளுக்கும் வரவில்லை.

போன் வர ஆரம்பித்த அந்த வாரமே அவர் நிலையத்துக்குப் போனார். தொடர் கவனிப்புப் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். அவர் சொன்னதைக் கேட்டதும் முகம் வாடி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். பிறகு திரையைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதில் மூன்று கட்டம்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்தார். பாதியில் நிறுத்தினார். வெளியூர் போய்விட்டார். பாதியில் நிறுத்தினார் என்று போட்டால் காலையில் வரும் போன் மாலையிலும் வருமாம். வெளியூர் என்று போட்டுவிடுங்கள் என்றார் அவர். ஒரு வகையில் பொய்யில்லை என்றுதான் அவருக்குத் தோன்றியது.

"புது அட்ரஸ் கேக்குதுங்க ஐயா" என்றாள் அந்தப் பெண்.

அவர் கையைப் பிசைந்தார். கடைசியில், தெற்குச் சாலை முடிவில், இடுகாட்டுக்குள், வலது பக்கம் மூணாவது வரிசை என்றார். தெற்குச் சாலை, வலது பக்கம், மூணாவது வரிசை என்று அவள் அடித்தாள். நடுவிலிருந்த சொல்லுக்கு அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரும் மகளும் அவளைப் புதைத்த மண்ணில் பூச்செடி வைக்கப் போனார்கள். கல்லறை மேல் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. காற்றில் பறக்காமல் இருக்கப் பொறுப்பாக ஒரு கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். 'மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நாங்கள் உங்களைத் தேடி வந்தோம். நீங்கள் வீட்டில் இல்லை. மீண்டும் வருவோம்.' கீழே களப்பணியாளரின் கையெழுத்தும், கதவு பூட்டியிருந்தது என்ற குறிப்பும் இருந்தன. மகள் அதைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வாழ்நாளெல்லாம் பூட்டைத் திறந்தே சாப்பிட்ட மனுஷன் அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியூர் என்று போட்டும் நிற்காமல் மறுநாள் காலையும் போன் வந்ததும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றை அழுத்தினார். சாப்பிட்டாயிற்று, போதுமா? போதவில்லை. பத்து நிமிஷத்தில் நிஜ ஆளே கூப்பிட்டார். மிக்க மகிழ்ச்சி, பயனாளி காலி அட்டையோடு நேரில் வந்து நாக்கைக் காட்டிவிட்டுப் போகட்டும் என்றார். சென்ற மாதம் யாரோ மாத்திரையைத் தொட்டிச் செடிக்குப் போட்டுவிட்டுச் சாப்பிட்டதாக ஏமாற்றிவிட்டார்களாம். செடி நன்றாக இருக்கிறதாம்.

அதன் பிறகுதான் அவர் சாவுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரையே பார்க்கப் போனார்.

கண்காணிப்பாளரின் அறை பளபளவென்று இருந்தது. சுவர் முழுக்கக் கை கழுவும் முறையைப் படம் படமாக மாட்டியிருந்தார்கள். மூலையில் கை கழுவும் தொட்டி ஒன்று புத்தம் புதிதாக, கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காமல் இருந்தது. குழாய்க்குத் தண்ணீர் இணைப்பு கொடுத்தால் தொட்டி அழுக்காகிவிடும் என்று கொடுக்கவில்லை. கண்காணிப்பாளர் சான்றிதழை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். மரியாதையான மனிதர். எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனம் காத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"உங்க துக்கம் எனக்குப் புரியுது" என்றார். "ஆனா நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். புறநோயாளின்னா யாரு? நடந்து வந்து நடந்து போறவங்க. செத்துட்டா அவங்க புறநோயாளி கிடையாது. அதனால இந்த நிலையத்துல இதுவரைக்கும் ஒரு புறநோயாளிகூடச் செத்ததில்ல. சாக முடியாது, விதியில இடமே இல்ல. உங்க சம்சாரம் எங்க கணக்குல புறநோயாளி. அப்படின்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

கட்டுப் போட்ட பிறகுதான் காயம் மோசமானது என்று பூட்டுக்காரர் தரையைப் பார்த்து முணுமுணுத்தார். கண்காணிப்பாளருக்குக் கோபம் வரவில்லை. குழந்தை தெரியாமல் கேட்டுவிட்டது என்பதுபோலச் சிரித்தார்.

"இங்க நோய்த்தொற்றே கிடையாதுங்க. போன வருஷம் சோதனை பண்ணிப் பார்த்தோம், நிறைய இருந்துச்சு. இந்த வருஷம் சோதனையை நிறுத்திட்டோம், ஒண்ணுகூட இல்ல. அத்தனை உழைச்சிருக்கோம்."

சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைகளைக் கவனமாகக் காற்றில் உதறிக்கொண்டார்.

வெளியே வந்து கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார் பூட்டுக்காரர். ஒலிபெருக்கி கரகரத்தது. "இருபத்தெட்டு. இருபத்தெட்டு. கட்டுப் போடும் அறைக்கு வரவும்." யாரும் எழுந்திருக்கவில்லை. அன்றைய டோக்கன் இன்னும் பத்தையே தாண்டவில்லை. பக்கத்தில் இருந்த கிழவர், அது தினமும் கூப்பிடும், யாரோ மாத்திரையைப் பாதியில் விட்டவங்களாம், அவங்க வர்ற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருக்குமாம் என்றார். கட்டுப் போடும் அறையின் கதவு ஸ்பிரிங் கதவு. காற்றுக்கோ எதற்கோ தானாக ஒரு சாண் திறந்தது, கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மூடிக்கொண்டது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கதவையே பார்த்தார்கள். ஒருவரும் தும்மக்கூட இல்லை.

வீட்டுக்குப் போய் மகளிடம் இதை அவர் சொல்லவில்லை. ஆனால் மறுநாளும் போனார். போன் வந்ததும் கடைக்குக் கிளம்புகிறேன் என்று புறப்பட்டு நேராக நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தார். இருபத்தெட்டைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்து மூடியது. அவர் எழுந்து கடைக்குப் போனார். இப்படியே நடந்தது. எதற்குப் போகிறோம் என்று அவரையே கேட்டால் தலையைச் சொறிந்திருப்பார். ஊரில் மற்ற எல்லா இடத்திலும் அவள் செத்துப்போயிருந்தாள். சலவைக் கடையில் வேறு ஒருத்தி வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடப் பேச்சை மாற்றிவிட்டார்கள். இங்கே மட்டும்தான் தினமும் கூப்பிட்டுவிட்டு, வருவாளா என்று காத்திருந்தார்கள்.

ஒரு நாள் எட்டு மணிக்குப் போன் வரவில்லை. எட்டேகால் ஆயிற்று, எட்டரை ஆயிற்று. அவர் போனை எடுத்துக் குலுக்கினார். சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். கடையில் ஒரு சின்ன மேஜைப் பூட்டைக்கூடத் திறக்க முடியாமல் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. நிலையத்தில் கரண்ட் போய்விட்டதாம், சாயங்காலம் நாலு மணிக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்தக் குரல் வந்தது. அதன் பிறகுதான் அவரால் சாப்பிட முடிந்தது. போனை நிறுத்தப் போராடியவர் போன் வரவில்லை என்று அழுதார், இதை எங்கே போய்ச் சொல்வது?

அவர் அழுதது மகளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அபூர்வமாக வாயைத் திறந்தாள்.

"தினமும் எட்டு மணிக்கு அம்மா திரும்பத் திரும்பச் சாகறாங்கப்பா. ஒரு தடவை போதும். எப்படியாவது நிறுத்திடுங்க."

அவர் சரி என்றார். பெற்ற பிள்ளை கேட்டது அது ஒன்றுதான்.

அவர் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. கண்காணிப்பாளரே கடைக்கு ஆள் அனுப்பிவிட்டார். 'கிருமியில்லா நிலையம்' என்ற விருதுக்கு மேலிடத்திலிருந்து குழு வரப்போகிறது. ஆரம்பித்த மாத்திரையை எல்லோரும் முடித்திருக்க வேண்டும், ஒருவர்கூடப் பாக்கி இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. நிலையத்தில் எல்லோரும் முடித்துவிட்டார்கள். இருபத்தெட்டு மட்டும்தான் பாக்கி.

கண்காணிப்பாளர் பூட்டுக்காரரைத் தன் அறையில் உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். மீதி மாத்திரை பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அப்படியானால் குடும்பத்தலைவராக இருந்து அதை நீங்களே முடித்துக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

எனக்கு ஒரு வியாதியும் இல்லையே என்றார் பூட்டுக்காரர்.

"தெரியும். வியாதி இல்லாதவனுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கறது மகா பாவம். நான் கூட்டத்துல கண் கலங்கிச் சொல்லியிருக்கேன், நீங்க வேணா யாரையும் கேட்டுப் பாருங்க. ஆனா இது கொடுக்கறது இல்லையே. எப்பவோ கொடுத்தாச்சு. இது முடிக்கறது. கொடுக்கறதுக்குத்தான் வியாதி வேணும். முடிக்கறதுக்கு ஒரு வாய் இருந்தா போதும்."

பூட்டுக்காரர் யோசித்தார். முடித்தால் போன் நின்றுவிடுமா என்று கேட்டார். அடியோடு நின்றுவிடும், நான் பொறுப்பு என்றார் கண்காணிப்பாளர். ஒலிபெருக்கியில் கூப்பிடுவது? அதுவும் நின்றுவிடும். பூட்டுக்காரர் தேநீரைக் கீழே வைத்தார். மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

விழா நாளன்று நிலையம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. நோயாளிகள் வந்தால் அழுக்காகும் என்று அன்றைக்கு நோயாளிகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊழியர்கள் மட்டும் வரிசையாக நின்றார்கள். மேலிடத்துக் குழு வந்து இறங்கியது. முதல் நிகழ்ச்சி, அனைவரும் கைகளைச் சுத்தம் செய்துகொள்வது. கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கைசுத்தித் திரவப் புட்டி ஒன்று கோயில் சிலை மாதிரி நின்றிருந்தது. யாரும் எடுத்து வீணாக்கிவிடக் கூடாது என்று திறப்பு விழா அன்றே பூட்டியது. சாவியைக் கேட்டபோதுதான், சாவியைப் பத்திரமாக வைத்திருந்த முந்தைய கண்காணிப்பாளர் பத்திரமாக ஓய்வு பெற்றுப் போய்விட்டது தெரிந்தது. எல்லோரும் விழித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எல்லோர் கண்ணும் பூட்டுக்காரரின் மேல் விழுந்தது.

அவர் சட்டைப்பையில் இருந்த கம்பியை எடுத்தார். சின்னப் பூட்டு, இரண்டு திருப்பில் திறந்துகொண்டது. பலத்த கைதட்டல். கண்காணிப்பாளர் புட்டியை இரண்டு கையாலும் ஏந்தி மேலே அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். உள்ளே இருந்தது எப்போதோ காய்ந்து ஆவியாகிவிட்டது. புட்டியின் அடியில் வெள்ளையாக ஒரு கறை மட்டும் இருந்தது. கண்காணிப்பாளர் ஒரே ஒரு நொடிதான் தயங்கினார். பிறகு, ஏதோ விழுந்ததுபோல உள்ளங்கையைக் குவித்து, படத்தில் உள்ள முறைப்படி விரலிடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று நிதானமாகத் தேய்க்க ஆரம்பித்தார். புட்டி குழுத் தலைவரிடம் போனது. அவரும் அழுத்தினார், தேய்த்தார். அடுத்தவர், அதற்கடுத்தவர். கடைசியில் அத்தனை பெரிய கூடத்தில் அத்தனை பேரும் பேச்சில்லாமல் வெறும் கையை வெறும் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்த சருகை மிதிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பூட்டுக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. புட்டி அவர் கைக்கும் வந்தது. அவரும் தேய்த்தார்.

அதன் பிறகு அவரை மேடையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் இருபத்தெட்டு என்று எழுதிய சீட்டை ஒட்டியிருந்தார்கள். நர்ஸ் ஒரு தட்டில் மாத்திரை அட்டையோடு வந்தாள். அதே நர்ஸ்தான். மாத்திரையைப் பிரித்து ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தாள். கையுறையின் விரல் நுனி மஞ்சளாக இருந்தது. மூன்றாவதை வைக்கும்போது அவள் தலை குனிந்திருந்தது.

"அந்தக்கா கை எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "ஒரு நாளைக்கு ஒரு ஜோடிதான் தருவாங்கண்ணே. மாத்தக் கேட்டா, போன மாசத்தைவிடச் செலவு கூடிடுச்சும்பாங்க."

நிலையத்தில் நடந்ததை நடந்ததாக ஒருவர் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நான்கையும் விழுங்கினார். மனைவியின் வாய்க்குப் போயிருக்க வேண்டியது ஒவ்வொன்றும் கசந்துகொண்டு தன் தொண்டையில் இறங்குவது அவருக்குத் தெரிந்தது. நாக்கைக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். படம் எடுத்தார்கள்.

தொடர் கவனிப்புப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். பெரிய திரையில் பச்சை எழுத்து வந்தது. இருபத்தெட்டு: குணமடைந்தார். கூடம் அதிர்ந்தது.

கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பாதியிலேயே விட்டுட்டுப் போன ஒருத்தரைக்கூட நாங்க விடல. வீடு தேடிப் போனோம். கதவு பூட்டியிருந்துச்சு, திரும்பவும் போனோம். தினமும் கூப்பிட்டோம். எத்தனை கூப்பிட்டும் வராதவங்களை, அவங்க வராமலேயே குணப்படுத்தினோம். இனிமே எங்களுக்கு நோயாளி வந்தாலும் சரி, வராட்டியும் சரி" என்றார். குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருதைக் கண்காணிப்பாளர் வாங்கினார். ஒரு சால்வையைக் காலி நாற்காலிக்குப் போர்த்தினார்கள்.

அன்றிரவு பூட்டுக்காரருக்கு வயிறு கலங்கியது. மறுநாள் காலை எட்டு மணி வந்தது, போனது. போன் அடிக்கவில்லை. மகள் கையில் கரண்டியோடு ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு கிளறினாள். அதற்கடுத்த நாள் நிற்காமலே கிளறினாள். ஒரு வாரத்தில் அவள் முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. ஒரு நாள் ஏதோ பாட்டை முணுமுணுத்ததாகக்கூட அவருக்குத் தோன்றியது. அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் மாத்திரை இருந்த இடத்தில் அவள் மிளகு டப்பாவை வைத்திருந்தாள்.

அவர் மட்டும் எட்டு மணிக்கு நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு உட்கார்ந்திருப்பார். நிலையத்துக்கும் ஒரு நாள் போய்ப் பார்த்தார். ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் வரிசையாகக் கூப்பிட்டார்கள். இருபத்தெட்டு வந்தபோது ஒரு தடித்த மனிதர் இருமிக்கொண்டு எழுந்து போனார். கதவு சாதாரணமாகத் திறந்து சாதாரணமாக மூடியது. அவர் வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் நின்றார். அவள் உண்மையிலேயே செத்துப்போனது அன்றைக்குத்தான் என்று பட்டது.

பத்து நாள் இருக்கும். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். மணி எட்டு அடித்து முடிவதற்குள் போன் அடித்தது. பதிவு செய்த குரல் இல்லை, தொடர் கவனிப்புப் பெண்ணே பேசினாள். குரலில் சங்கடம் இருந்தது. அன்றைக்கு மேடையில் மாத்திரை சாப்பிட்டதால் அவர் பெயரிலும் கம்ப்யூட்டர் தானாக ஒரு பதிவு போட்டுவிட்டதாம். புதுப் பயனாளியாம். அவர் நிலையத்தின் விருதுக்கே உலை வைத்துவிடுவார்போல இருக்கிறதாம்.

"ஏழு சாப்பிட வேண்டியதுங்க ஐயா. நீங்க நாலுதான் சாப்பிட்டிருக்கீங்கன்னு காட்டுது. கோர்ஸ் பாதியில நிக்குது. மீதி மூணு எங்கன்னு கேக்கறாங்க."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"மீதி மூணையும் என் சம்சாரம் சாப்பிட்டுட்டா" என்றார்.

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. யாரிடமோ கேட்டுவிட்டு அவள் திரும்பி வந்தாள்.

"அவங்கதான் குணமாயிட்டாங்களே, அவங்களுக்கு எதுக்கு உங்க மாத்திரைன்னு கண்காணிப்பாளர் கேக்கறாருங்க. ரெண்டு பேரையும் சேர்த்து விசாரிக்கணுமாம். வியாழக்கிழமை அவங்களையும் கூட்டிட்டு வரச் சொல்றாரு." அவளுக்குத் தெரியும். சொல்ல அவள் திரையில் கட்டம் இல்லை.

மனைவி செத்துப்போய்விட்டாள் என்று எத்தனையோ முறை, எத்தனையோ பேரிடம் சொன்னவர் அவர். நாக்கு நுனி வரை வந்தது.

"சரிம்மா, கூட்டிட்டு வரேன்" என்றார்.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே மகள் வந்து, யாருப்பா போன்ல என்று கேட்டாள். யாரோ பூட்டு ரிப்பேருக்கு, வியாழக்கிழமை வரச் சொல்கிறார்கள் என்றார். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவர் பரணிலிருந்து மனைவியின் இஸ்திரிப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். வியாழக்கிழமைக்குப் போட்டுக்கொள்ள நல்ல சட்டையாக ஒன்றை எடுத்து விரித்தார்.